பதினோராவது பாஸ்போர்ட்

உக்காருங்க சார், இந்தச் சேருக்கு ஆள் இல்ல. உங்களுக்கு என்ன டோக்கன்? அட, எனக்கும் பின்னாலதான். இன்னும் முப்பது பேராவது உள்ள போகணும். காலை நீட்டி நிதானமா உக்காருங்க. புதுசா பாஸ்போர்ட் எடுக்க வந்தீங்களா? வெளிநாடு போறது இதான் முதல் தடவையா? கல்யாணத்துக்கா? சம்பந்தி வீட்டுப் பையனுக்குத் தாய்லாந்துல கல்யாணமா. சரி சரி. உங்களுக்கும் அந்தக் கொடுப்பினை வந்துருச்சு.

அப்ப நான் சொல்றதக் கொஞ்சம் காதுல வாங்கிக்கங்க. பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அதச் சட்டைப் பையில சொருகிக்கிட்டு அலையாதீங்க, வேர்வையில அட்டை வளைஞ்சுரும். ஊறுகாய் டப்பாவைக் கைப்பையில வைக்காதீங்க, புடுங்கி ஓரமா வச்சுருவாங்க, பாக்கறதுக்கே வயிறு எரியும். அதிகாரி எதுக்குப் போறீங்கன்னு கேட்டா, கல்யாணத்துக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு நிறுத்திக்கங்க. மாப்பிள்ளை எந்த ஊரு, பொண்ணுக்கு எத்தனை அண்ணன் தம்பின்னு ஆரம்பிச்சுறாதீங்க. எங்க பெரியண்ணனுக்கு அந்த வியாதி உண்டு. அவரு வாய இப்படிப் பொத்திக்கிட்டுப் போகணும்னு நான் வீட்டுலயே ஒத்திகை பாத்து வச்சிருந்தேன். ஒத்திகை எல்லாம் நல்லாத்தான் வந்துச்சு.

எனக்கு எப்படி இம்புட்டும் தெரியும்னு பாக்குறீங்க. நான் கொழும்புக்கு நாலு நாள் போயிட்டு வந்தவன் சார். எனக்கு அருப்புக்கோட்டை. பந்தல், பாத்திரம், மணவறை, சேர், எல்லாம் வாடகைக்கு விடுறது நம்ம தொழில். முப்பத்தி ரெண்டு வருசமா கல்யாணத்துலயே கெடக்குறேன். எந்தக் கல்யாணத்துல எப்ப கரெண்டு போகும், எந்த மாமன் எப்ப கோவிச்சுக்கிட்டுப் பஸ் ஏறுவான், எல்லாம் அத்துபடி. பாத்திர வியாபாரிங்க சங்கத்துல கொழும்புக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அதனால எங்க சொந்தத்துல வெளிநாடு, விமானம்னு வந்தா என்னைத்தான் கேப்பாங்க. கேக்காட்டியும் நான் சொல்லுவேன், அது வேற.

எனக்கு ஒரே தங்கச்சி, பவுன்தாய். அவ வீட்டுக்காரரு, எங்க மச்சான், லாரி மோதிச் செத்துப்போனாரு. பொண்ணு சிவரஞ்சனிக்கு அப்ப எட்டு வயசு. பவுனு பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளரா வேலை பாத்துக்கிட்டே அந்தப் புள்ளைய வளத்தா. நான் இருந்தேன் சார், இல்லேன்னு சொல்லல. தீபாவளிக்குத் துணி எடுக்காம இருந்ததில்ல. புள்ள நல்லாப் படிச்சு சிங்கப்பூர்ல வேலைக்குப் போச்சு. அங்கயே கூட வேலை பாக்குற கோயம்புத்தூர்ப் பையன், ஆதவன்னு பேரு, அவனைப் புடிச்சுப்போச்சு. ரெண்டு வீட்டுக்கும் சம்மதம். நானே முன்ன நின்னு பேசி முடிச்சேன். எல்லாம் நல்லா நடந்துக்கிட்டு இருக்கையில அந்தப் புள்ள ஒரு நாள் போன்ல சொல்லுது, கல்யாணம் பாலித் தீவுல மாமா, கடற்கரையில, மொத்தம் எண்பது பேருதான்னு.

எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க. ஊர்ல எவன் எவன் கல்யாணத்துக்கோ பந்தல் போட்ட கை இது. சொந்த மருமக கல்யாணத்துக்கு ஒரு கழி ஊனக் குடுத்து வைக்கல. ஏம்மா இப்படின்னு கேட்டேன். அதுக்கு அது, "ஊர்ல வச்சா எங்கம்மா எங்க நிப்பாங்க மாமா?"ன்னு கேட்டுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நிக்க இடமா இல்ல, நம்ம பெரிய பந்தலைப் போட்டா ஆயிரம் பேரு நிக்கலாமேம்மான்னேன். இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குக் கடலு, மணலு, போட்டோ, அதான் கல்யாணம். சரி, காலத்தோட நாமளும் போவோம்னு விட்டுட்டேன்.

இருந்தாலும் ஒரு விஷயத்துல நான் கறாரா இருந்தேன். கடல்ல நடந்தா என்ன, மலையில நடந்தா என்ன, முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. அப்பா இல்லாத புள்ள. தாரை வாத்துக் குடுக்க ஒரு ஜோடி வேணும். தாய்மாமன் நான் இருக்கேன், எம் பொஞ்சாதி விசாலம் இருக்கா. நாங்க ரெண்டு பேரும் மனையில உக்காந்து சொம்புத் தண்ணி ஊத்தி அந்தப் புள்ளைய மாப்பிள்ளை கையில புடிச்சுக் குடுக்குறோம்னு சொன்னேன். "அம்மாவே செய்யக் கூடாதா மாமா?"ன்னுச்சு. நான் நல்லபடியாத்தான் எடுத்துச் சொன்னேன். அம்மா மனசால ஆசீர்வாதம் பண்ணட்டும்மா, கையால செய்யுறது சுமங்கலி செய்யட்டும், உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்னேன். அதுக்கு அது, "டிக்கெட் போட்டாச்சா மாமா?"ன்னு பேச்ச மாத்திருச்சு. அப்ப சம்மதம்னுதானே சார் அர்த்தம்? நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.

பவுனும் ஒண்ணும் சொல்லல. அவ எதுவுமே சொல்ல மாட்டா. எம் மூத்த பொண்ணு கல்யாணத்துலயே பாருங்க, பொண்ண மணவறைக்குக் கூட்டிட்டு வர்ற நேரம், இவ நேரா எதிர்க்க நிக்கிறா. நான் பக்குவமாக் காதுல சொன்னேன், பவுனு, சாமான் ரூம்ல நம்பிக்கையான ஆளு யாருமில்ல, தேங்காய் மூட்டை, ஸ்வீட்டு எல்லாம் அப்படியே கெடக்கு, நீ கொஞ்சம் போயி உக்காருன்னு. மூஞ்சி கோணாமப் போயிட்டா. யாருக்கும் மனசு நோகாம ஒரு காரியத்தைச் செய்யணும்னா நம்மகிட்டதான் கத்துக்கணும். சிவரஞ்சனி அப்ப பதினேழு வயசுப் புள்ள. அதுவும் அம்மா கூடவே அந்த ரூம்ல போயி உக்காந்துருச்சு. தாலி கட்டுறதக்கூட வந்து பாக்கல. வயசுப் புள்ளைக்கு வேடிக்கை பாக்கத் தோணலையேன்னு நெனச்சேன்.

சரி, கதைக்கு வர்றேன். எங்க பக்கம் மொத்தம் பதினோரு பேரு. அதுல ஒம்பது பேரு பஸ் ஸ்டாண்டத் தாண்டி உலகம் பாக்காதவங்க. சிவரஞ்சனி எல்லாருக்கும் சேத்து ஒரு தாள் அனுப்பிச்சு, வர்ற விருந்தாளிங்க என்னென்ன செய்யணும்னு. பாஸ்போர்ட்டு ஆறு மாசத்துக்கு மேல செல்லுபடியா இருக்கான்னு பாருங்க, நகல் எடுத்துத் தனியா வைங்க, வெயிலுக்குத் தொப்பி எடுத்துக்கங்க, அவங்கவங்க பாஸ்போர்ட்ட அவங்கவங்களே வச்சுக்கங்க, வேற யார்கிட்டயும் குடுக்காதீங்க. இப்படி ஒரு பக்கம். நான் அத வாட்ஸப் குழுவுல படிச்சு விளக்கம் சொல்லிப் பேசி அனுப்புனேன். ஒவ்வொண்ணும் ஏழு நிமிசம், எட்டு நிமிசம். யாரும் கேட்டாங்களான்னு தெரியல, ஆனா எல்லாரும் கும்புடு போட்டு அனுப்புனாங்க.

அந்தக் கடைசி விஷயத்துல மட்டும் எனக்கு உடன்பாடில்ல. அவங்கவங்களே வச்சுக்கிறதாவது. எங்க பெரியண்ணன் ரேஷன் கார்டையே மூணு தடவை தொலைச்சவரு. அதனால பதினோரு பாஸ்போர்ட்டையும் நானே வாங்கி ஒரு எவர்சில்வர் டப்பாவுல போட்டு வச்சேன். கூட்டத்துக்கு ஒரு தலைவன் வேணும்ல சார். இல்லாட்டி விடிஞ்சுரும்.

இப்பச் சொல்றேன் பாருங்க, இத மட்டும் நல்லாக் கேட்டுக்கங்க. கெளம்புறதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை எங்க குலசாமி கோயிலுக்குப் போனோம், நானும் விசாலமும். நல்ல காரியத்துக்குன்னு எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் நாம என்ன செய்வோம்? பத்திரிகைக்கு நாலு மூலையிலயும் மஞ்சள் தடவுவோம். புதுக் கணக்கு நோட்டுக்குத் தடவுவோம். பத்திரத்துக்குத் தடவுவோம். இத்தனை பேரு கடல் தாண்டிப் போறாங்க, பாஸ்போர்ட்டு மொட்டையா இருக்கலாமா? எனக்கு மனசு கேக்கல. தண்ணியில கொழச்சா காஞ்சு உதிந்துரும்னு மஞ்சளை நல்லெண்ணெயில கொழச்சேன். அது தொழில் ரகசியம், நாள்பட நிக்கும். வெளி அட்டையில நாலு மூலை, உள்ள போட்டோ இருக்குற பக்கத்துல நாலு மூலை. அப்புறம் அந்தப் போட்டோவப் பாத்தேன். எல்லாரும் நெத்தியில ஒண்ணும் இல்லாம, துக்க வீட்டுக்குப் போயிட்டு வந்தவங்க மாதிரி முழிச்சுக்கிட்டு இருக்காங்க. சுண்டு விரலால ஆளுக்கு ஒரு குங்குமப் பொட்டு வச்சேன். கண்ணுக்கு நிறைவா இருந்துச்சு சார். விசாலம்கூட, போதுங்க, அரசாங்கத்துச் சாமான்ல ரொம்ப வைக்காதீங்கன்னா. நாந்தான், அரசாங்கமும் சாமி கும்புடுறவங்கதான்னு சொன்னேன்.

பத்துக்கு வச்சேன். பதினொண்ணாவது கையில வந்துச்சு. அது பவுனோடது.

அதுக்கு வைக்கல. வைக்க முடியாதுல்ல சார், உங்களுக்கே தெரியும். மஞ்சளும் குங்குமமும் அவளுக்கு எதுக்கு? அதுவும் ஒரு கல்யாணத்துக்குப் போற பாஸ்போர்ட்டுல வச்சு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? அதோட அவ கட்டிக்குடுத்துப் போனவ, அவளுக்குக் குலசாமியும் வேற. மத்ததுல இருக்குற மஞ்சள் ஒட்டிறக் கூடாதுன்னு அத ஒரு பாலிதீன் பையில போட்டுச் சுத்தித் தனியா வச்சேன். அவ மனசு நோகும்னு யார்கிட்டயும் சொல்லல. விசாலம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தா.

திங்கக்கிழமை வெள்ளன வேன் எடுத்துத் திருச்சி போனோம். அங்கேருந்து கோலாலம்பூர், அங்க எறங்கி வேற விமானம் மாறிப் பாலி. பகல் பதினொண்ணரைக்கு ஏறணும், நான் ஏழரைக்கே கொண்டுபோயி நிறுத்திட்டேன். பதினோரு பேரையும் வரிசையா நிக்க வச்சேன். முன்ன நான், பின்னால விசாலம், அண்ணன், அப்படியே மத்தவங்க. பவுனு கடைசி. அவ எங்க போனாலும் தானாக் கடைசியிலதான் நிப்பா, பழக்கம்.

கவுண்டர்ல ஒரு பொண்ணு. என் பாஸ்போர்ட்டத் தொறந்துச்சு. தொறந்ததும் மூக்கச் சுளிச்சுச்சு. மூணு நாள்ல அந்த எண்ணெய் உள்ள எறங்கி, நாலஞ்சு தாள் கண்ணாடி மாதிரி ஆயிருந்துச்சு சார். போட்டோப் பக்கத்துல அடியில ரெண்டு வரி எழுத்து இருக்கும்ல, அது மேலயும் மஞ்சள் எறங்கியிருக்கு. மிஷின்ல வச்சுத் தேய்க்குது, எடுக்கல. திருப்பித் தேய்க்குது, எடுக்கல. குடும்மான்னு வாங்கி நான் கைக்குட்டையை நனைச்சுத் தொடைச்சேன். அதான் நான் செஞ்ச தப்பு, வேற ஒண்ணுமில்ல. மஞ்சளைத் தொடைச்சா போகுமா? பரவுது. குங்குமம் கரைஞ்சு போட்டோவுல எம் மூஞ்சி பூராச் செவந்துபோச்சு.

அந்தப் பொண்ணு மேலதிகாரியக் கூப்புட்டுச்சு. நம்ம ஊர்ப் பக்கத்துப் பையன்தான், மரியாதையான பையன். பத்தையும் வாங்கி ஒவ்வொண்ணா விரிச்சுப் பாத்தான். சார், இதெல்லாம் சேதமான பாஸ்போர்ட், நாங்க ஏத்தி அனுப்புனாலும் அங்க உள்ள விடாமத் திருப்பிருவாங்க, எங்க கையில ஒண்ணும் இல்லன்னான். நான் விடல. தம்பி, இது அழுக்கில்ல, சாமி மஞ்சள், உங்க வீட்டுலயும் பத்திரிகைக்கு வைப்பீங்கள்லன்னேன். வைப்போம் சார்னான். அப்புறம் என்னன்னேன். பத்திரிகையக் காட்டி விமானம் ஏற முடியாதே சார்னான். கோவப்படாமச் சொல்றான். கோவப்பட்டிருந்தாலாவது நான் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். கைய வச்சுக்கிட்டு என்ன செய்யுறதுன்னு தெரியாம நின்னேன். முப்பத்தி ரெண்டு வருசத்துல கல்யாண வேலையில நான் அப்படி நின்னதில்ல.

பின்னால திரும்பிப் பாக்கவே பயமா இருந்துச்சு. பட்டுச் சேலையும் தொப்பியுமா அம்புட்டுப் பேரும் என் மூஞ்சியவே பாக்குறாங்க. அண்ணன் அன்னைக்குன்னு பாத்து ஒரு வார்த்தை பேசல.

அப்பதான் அந்தக் கவுண்டர்ப் பொண்ணு, "இன்னொருத்தங்க இருக்காங்களே"ன்னுச்சு. பவுனோட பாஸ்போர்ட்டப் பாலிதீன்லேருந்து எடுத்துக் குடுத்தேன். மிஷின்ல வச்சுச்சு. ஒரே தடவை. போர்டிங் தாள் வெளிய வந்துருச்சு. "நீங்க போகலாம்மா"ன்னுச்சு.

நான் பவுனுகிட்டச் சொன்னேன், நீ மட்டும் தனியாப் போயி என்ன பண்ணப் போற, உனக்கு ஒரு எழவும் தெரியாது, நடுவுல எறங்கி மாறணும், வா வீட்டுக்குப் போவோம், கல்யாணத்த நாலு நாள் தள்ளி வைக்கச் சொல்றேன்னு. சொல்லிக்கிட்டே சிவரஞ்சனிக்குப் போன் போட்டேன். நடந்ததச் சொன்னேன். நீ மாப்பிள்ளை வீட்டுல பேசி நாளத் தள்ளு, நாங்க இல்லாம யாரு தாரை வாக்குறதுன்னேன். அந்தப் புள்ள அழுகும்னு நெனச்சேன் சார். அழுகல.

"அம்மா மட்டும் வரட்டும் மாமா. அம்மா வந்தாப் போதும்"னுச்சு.

போதும்னுச்சு சார். தாய்மாமன் நிக்கிறேன். பத்துப் பேரு நிக்கிறோம். போதுமாம். அந்தச் சொல்ல நான் இன்னும் முழுங்கல. போனை ஸ்பீக்கர்ல வேற போட்டிருந்தேன், எல்லாருக்கும் கேட்டுருச்சு.

பவுனு அந்தப் பாஸ்போர்ட்டக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா. அட்டையப் பாத்தா, உள்ள தொறந்து அவ போட்டோவப் பாத்தா. பக்கத்துல கவுண்டர் மேல மத்த பத்தும் மஞ்சளும் செவப்புமா விரிஞ்சு கெடக்கு. அதையும் பாத்தா. அப்புறம் என்கிட்ட மெதுவாத்தான் கேட்டா.

"என்னோடதுக்கு மட்டும் ஏன் அண்ணே வைக்கல?"

உனக்குச் சாமி வேற பவுனு, அதனாலதான்னேன். சட்டுனு வாயில வந்தது அதுதான். அவ என்னையப் பாத்தா. சண்டைக்குப் பாக்குற பார்வை இல்ல சார், அதெல்லாம் அவளுக்கு வராது. விசாலத்தப் பாத்தா. விசாலம் தலையக் குனிஞ்சுக்கிட்டா.

அப்ப அவ கைய நீட்டுனா. "அந்தச் சொம்பக் குடு அண்ணே"ன்னா.

தாரை வாக்குறதுக்குன்னு நான் கைப்பையில ஒரு சொம்பு எடுத்து வச்சிருந்தேன். நம்ம கடையில இருக்குறதுலயே ராசியான வெள்ளிச் சொம்பு. நானூறு கல்யாணத்துக்குப் போயிருக்கும், ஒரு கல்யாணம் முறிஞ்சதில்ல. அது விசாலம் கையால ஊத்த வேண்டியதும்மான்னு சொல்ல ஆரம்பிச்சேன், முடிக்கல. விசாலம் பைய என் தோள்லேருந்து உருவி எடுத்தா, தொறந்தா, சொம்ப எடுத்து முந்தானையால ஒரு தொடை தொடைச்சு பவுனு கையில குடுத்தா. "பாத்துப் போயிட்டு வா பவுனு"ன்னா. அவ்வளவுதான். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

பவுனு அந்தக் கவுண்டர்ப் பொண்ணுகிட்ட எந்தப் பக்கம்மா போகணும்னு கேட்டா. அது கைய நீட்டுச்சு. போயிட்டா. சிப்பாய் பாஸ்போர்ட்டப் பாத்தான், உள்ள விட்டான். நான் கத்திக் கத்திச் சொன்னேன், பவுனு, கோலாலம்பூர்ல எறங்குனதும் பலகையப் பாரு, யாருகிட்டயும் பேச்சுக் குடுக்காதன்னு. அவ கேட்டாளா என்னான்னு தெரியல. அப்புறம் கேள்விப்பட்டேன், அங்க தரை தொடைக்கிற ஒரு தமிழ் அம்மா இவ முழிக்கிறதப் பாத்து, பேச்சுக் குடுத்து, கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி விமானத்து வாசல்ல விட்டுருக்கா. நான் சொன்னதுக்கு நேர் மாறா நடந்துருக்கா, ஆனா போயிச் சேந்துட்டா.

கல்யாணத்த வீட்டுக் கூடத்துல உக்காந்து போன்ல பாத்தோம், பத்துப் பேரும். செல்போன விசாலம் டம்ளர்ல சாச்சு வச்சா. படம் நின்னு நின்னு வந்துச்சு. பின்னால கடலு. பந்தல்னு சொல்லிக்கிட்டு நாலு மூங்கில்ல ஒரு வெள்ளைத் துணியக் கட்டியிருக்கான், காத்துக்குப் படபடன்னு அடிக்குது, நம்ம கடைப் பசங்க கட்டியிருந்தா அப்படி அடிக்காது. மனையில பவுனு உக்காந்திருந்தா. அரக்குல பட்டுச் சேலை. பொண்ணு எடுத்துக் குடுத்திருக்கும்போல. அவ பட்டு உடுத்தி நான் பாத்து இருபது வருசம் ஆச்சு சார். அந்தச் சொம்பத் தூக்கிப் புள்ள கையில தண்ணி ஊத்துறா. தண்ணி பக்கத்துல சிந்துது. அந்தப் புள்ள அம்மா கையத் தன் கையால தாங்கிப் புடிச்சுக்கிட்டு அழுகுது. அன்னைக்கு போன்ல அழுகாத புள்ள.

நல்லாத்தான் இருந்துச்சு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த இடத்துல நான் இருந்திருக்கணும்ல. ஒரு கெட்டதும் நடக்கலைங்குறதும் உண்மைதான். மாப்பிள்ளையும் பொண்ணும் சிங்கப்பூர்ல சந்தோசமா இருக்காங்க. இப்ப புள்ள முழுகாம இருக்கு. வர்ற மாசம் அங்கயே வளைகாப்பு. மொத வளையல் பவுனுதான் போடுறாளாம். எங்களையும் கூப்புட்டிருக்கு, "மாமா, அத்தையக் கூட்டிட்டு வந்துருங்க, பாஸ்போர்ட்ட மட்டும் அத்தைகிட்டக் குடுத்து வைங்க"ன்னு. கேலிதான், பாசத்துலதான் சொல்லுது. பவுனு ஊருக்கு வந்ததும் சொம்ப வெளக்கிக் கடையில கொண்டாந்து வச்சா. உக்காரு, காப்பி சாப்புடுன்னேன், சத்துணவுக்கு அரிசி வந்துருக்கு அண்ணேன்னுட்டுப் போயிட்டா. ஆறு மாசமாச்சு, எங்க வீட்டு வாசப்படி மிதிக்கல. சண்டையும் போடல. சண்டை போட்டா சமாதானம் பேசலாம், ஆயிரம் சமாதானம் பேசியிருக்கேன். பேசாதவகிட்ட எதப் பேசுறது? விசாலமும் அப்படித்தான். நேரத்துக்குச் சோறு போடுறா, கேட்டதுக்குப் பதில் சொல்றா. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

சரி, இங்க எதுக்கு வந்தேன்னா, கெட்டுப்போன பாஸ்போர்ட்டுக்குப் பதிலா வேற எடுக்கணும். மத்தவங்க வேண்டாம்னு விட்டுட்டாங்க, நானும் விசாலமும்தான் கேட்டிருக்கோம். எப்படிச் சேதமாச்சுன்னு கைப்பட எழுதிக் குடுங்கன்னாங்க. எழுதிக் குடுத்தேன். நான் எதையும் ஒளிச்சு எழுத மாட்டேன். குடும்பத்தோட பதினோரு பேரு பாஸ்போர்ட்டையும் கோயிலுக்குக் கொண்டுபோயி, பக்தியோட மஞ்சள் வச்சதுல பத்து சேதமாயிருச்சுன்னு ரெண்டு பக்கத்துக்கு விலாவாரியா எழுதுனேன். அதுதான் வெனையாப் போச்சு. உள்ள ஒரு அம்மா அதிகாரி, கண்ணாடி போட்டவங்க, பொறுமையாப் படிச்சாங்க. படிச்சுட்டு நிமிந்து, "பதினொண்ணும் ஒரே டப்பாவுல இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. அந்த ஒண்ணு மட்டும் எப்படிச் சேதமாகல?"ன்னு கேட்டாங்க. "அதையும் சேத்து, நடந்தத முழுசா எழுதிக் கொண்டாங்க, அடியில கையெழுத்துப் போடுங்க"ன்னு தாளத் திருப்பிக் குடுத்துட்டாங்க. இந்தா, இதான் அந்தத் தாள். இன்னைக்கோட மூணாவது தடவை வர்றேன். ஒவ்வொரு தடவையும் இந்தச் சேர்ல உக்காந்து எழுத ஆரம்பிக்கிறேன், டோக்கன் வந்துருது, எழுந்து வீட்டுக்குப் போயிர்றேன்.

உங்க கையெழுத்து நல்லாருக்கு சார், படிவத்துல பாத்தேன். கொஞ்சம் எழுதித் தர்றீங்களா? நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. 'பதினோராவது பாஸ்போர்ட் எனது தங்கையுடையது. அவருக்குக் குலசாமி வேறு என்பதால்'... இருங்க, அத அடிங்க. கூட வந்த எம் மூத்த பொண்ணும் கட்டிக்குடுத்துப் போனவதான், அவளுக்கும் சாமி வேற, அவளோடதுக்கு வச்சேனே. கவர்மெண்டுத் தாள்ல பொய் எழுதக் கூடாது. 'மறந்துவிட்டதால்'னு போடுவோமா? மறக்கல சார். மறந்திருந்தா தேவலை. பாலிதீன்ல சுத்துனது இந்தக் கைதான், நல்லா ஞாபகம் இருக்கு.

அப்ப உள்ளதத்தான் எழுதணும். 'எனது தங்கை கணவனை இழந்தவர். எனவே அவருடைய பாஸ்போர்ட்டில் மட்டும் நான்'... எழுதிட்டீங்களா? அதுக்கு அப்புறம் என்ன சார் வரணும்? நாப்பத்தி ஏழா? ஆமா, எம் நம்பர்தான் கூப்புடுறாங்க. கையெழுத்து எங்க போடணும், இங்கயா? பேனாவக் குடுங்க. இல்ல சார், வச்சுக்கங்க, கை வரமாட்டேங்குது. அவங்க அடுத்த ஆளக் கூப்புடட்டும்.